தெளிப்பான் கடைசியில்: மொரீஷியஸ் வீட்டுத் தோட்டத்தில் பூச்சிகளை இயற்கை வழியில் சமாளிப்பது

கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து காத்ர் போர்னுக்கு வந்த முதல் வருடமே, மாமியார் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் கருக்கிவிட்டேன். கொழுந்தெல்லாம் சுருண்டு பிசுபிசுவென்று ஒட்டியது. என்ன பூச்சி என்று பார்க்கவில்லை. கடையில் கொடுத்த மருந்தைச் சொன்ன அளவைவிட இரண்டு மடங்காகக் கலந்து, ஜனவரி மாதத்து உச்சி வெயிலில் நனைய நனைய அடித்தேன். மூன்றாம் நாள் இலை கொட்டியது. அதோடு போகவில்லை. அடுத்த மாதம் பக்கத்து மிளகாய்ச் செடிகளில் அதுவரை இல்லாத செம்பேன் வலை கட்டியது. செம்பேனைத் தின்றுகொண்டிருந்த பூச்சிகளையும் நானே கொன்றிருக்கிறேன் என்று புரிய வருடக்கணக்கானது.

மாமியார் திட்டவில்லை. அவருக்குத் தமிழ் கோயிலோடு சரி, வீட்டில் கிரியோல்தான். எல்லாப் பூச்சிக்கும் அவர் வாயில் ஒரே பெயர், 'பெபெத்'. "எந்த பெபெத் என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். இருபதடிக்கு முப்பதடி கொல்லையில் இன்று நான் செய்வதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இங்கே சொல்லும் வரிசை முக்கியம். முதலில் பார்ப்பது, பிறகு நல்ல பூச்சிகளுக்கு இடம் கொடுப்பது, பிறகு கையால் செய்வது. தெளிப்பது கடைசி.

முதல் படி: பத்து நாள் பார்ப்பது

ஒரு நோட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், ஒரு டார்ச். இவ்வளவுதான் தேவை. காலையில் ஒரு சுற்று, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு சுற்று. இரவுச் சுற்றை விட்டால் பாதிக் கதை தெரியாது. நத்தையும் வெட்டுப்புழுவும் அப்போதுதான் வேலைக்கு வரும். வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால், இலைப்பேன், செம்பேன், குட்டி வண்டு எல்லாம் தாளில் விழுந்து ஓடும். ஓடும் புள்ளிகளை லென்ஸில் பாருங்கள்.

செடியே பாதி சொல்லிவிடும். இலையில் ஓட்டை, பக்கத்தில் கறுப்பாகப் புழுக்கை இருந்தால் புழு. ஓட்டையோடு பளபளவென்று காய்ந்த கோழைத் தடம் இருந்தால் நத்தை. கொழுந்து சுருண்டு கை ஒட்டினால் அசுவினி, மாவுப்பூச்சி மாதிரி சாறு உறிஞ்சுகிறவை. இலை மேலே ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை என்றால் செம்பேன். இலைக்குள் வெள்ளைக் கோலம் போட்டிருந்தால் இலைச்சுரங்கப் புழு. பிஞ்சில் ஒரு துளி பிசின் கசிந்து காய் ஒரு பக்கம் கோணினால் பழ ஈ. இலை கறுப்பாகக் கரி பூசியதுபோல் இருந்தால் அதை நோய் என்று நினைத்து மருந்து தேடாதீர்கள். மேலே சாறு உறிஞ்சும் பூச்சி விடும் இனிப்புக் கழிவில் வளர்ந்த பூசணம் அது. பூச்சி போனால் கரியும் போகும்.

ஏன் பத்து நாள்? அசுவினி வந்த வாரத்தில் பொறிவண்டு வராது. இரை பெருகிய பிறகுதான் இரைகொல்லி வரும். அந்த இடைவெளியில்தான் நம் கை பரபரக்கும். நாற்றங்காலுக்கும் கீரைக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது, அங்கே உடனே கை வைக்க வேண்டும். காய்க்கும் செடியில் நாலு இலை போனால் ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டாம் படி: யாரைக் கொல்லக்கூடாது என்று தெரிந்துகொள்வது

பொறிவண்டைச் சிவப்பும் கறுப்புமாக எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத்தான் யாருக்கும் தெரியாது. குட்டி முதலை மாதிரி நீளமாக, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு இருக்கும். பார்க்கவே பயமாக இருப்பதால் முதலில் நசுக்கப்படுவது அதுதான். வளர்ந்த வண்டைவிட அந்தப் புழுவுக்குத்தான் அகோரப் பசி. கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளை முடித்துவிடும்.

இன்னொரு ஏமாற்று ஆள் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து உலகம் முழுக்க மாவுப்பூச்சியைத் தின்னக் கொண்டுபோகப்பட்டது. இதன் புழு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். வித்தியாசம் இதுதான்: மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும், இது அதைவிடப் பெரிதாக, நீண்ட மெழுகு நூல்களோடு, விறுவிறுவென்று நடக்கும். வெள்ளையாக ஒன்று வேகமாக நடந்தால் விட்டுவிடுங்கள்.

இலை நுனியில் மயிரிழை போன்ற காம்பு மேல் ஒரு வெள்ளை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. பூவுக்கு மேல் அந்தரத்தில் நின்று பறக்கும், தேனீ வேஷம் போட்ட ஈயின் புழுவும் அசுவினி தின்னி. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில், தாள் மாதிரி காய்ந்திருந்தால் கொண்டாடுங்கள். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே முட்டை வைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் செடியில் வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள். ஒரு வாரத்தில் அத்தனையிலிருந்தும் குளவி வெளிவரும்.

சுவரில் பச்சைப் பல்லி இருந்தால் அதுவும் நம் ஆள்தான். இந்தத் தீவின் பகல்பல்லிகள் பூச்சியும் தின்னும், பூந்தேனும் குடிக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் திறந்தபடி தொங்கவிட்டால் இதுகளும் ஒட்டிச் சாகும். ஒரு தடவை அப்படி ஒன்றைச் சமையல் எண்ணெய் தடவி அரைமணி நேரம் பிரித்தெடுத்தேன். இப்போது அட்டையைச் சுற்றி, அட்டையில் படாமல், பெரிய கண்ணுள்ள கம்பிவலை கட்டுகிறேன். அதுவும் வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இரண்டே அட்டைதான். கொல்லை முழுக்கத் தோரணம் கட்டினால் ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து மாட்டும்.

இவர்களை வரவழைப்பது சுலபம். கொத்தமல்லி, சோம்பு எல்லாவற்றையும் பறித்துவிடாமல் சிலவற்றைப் பூக்க விடுங்கள். குளவிக்கும் பூ ஈக்கும் வாய் சின்னது, இந்த மாதிரிச் சின்னப் பூவில்தான் தேன் எட்டும். சாமந்தி பற்றி ஒரு வார்த்தை: ஓரத்தில் நாலு துலுக்கச் சாமந்தி வைத்தால் எல்லாப் பூச்சியும் ஓடும் என்பது வெறும் ஆசை. அது வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவுக்குத்தான் மருந்து. அதுவும் அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு, மூன்று மாதம் வளர்த்து மண்ணோடு புரட்டினால்தான் பலன்.

வெளியிலிருந்து பூச்சி வாங்கி விடலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். பதிலுக்கு இந்தத் தீவின் கதையே போதும். 1762இல் செந்நிற வெட்டுக்கிளியை அடக்க இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுவந்தார்கள். உயிரியல் கட்டுப்பாட்டின் ஆரம்ப உதாரணங்களில் ஒன்றாகப் பாடங்களில் இன்றும் சொல்லப்படுவது அது. இங்கே மார்ட்டின் என்று சொல்லும் அந்த மைனாதான் இன்று என் தக்காளியைக் கொத்துகிறது. 1899இல் பிளேக் வந்தது. எலியை ஒழிக்க 1900இல் கீரிப்பிள்ளை வந்தது. அது எலியோடு நிற்கவில்லை, தரையில் கூடு கட்டும் பறவைகளையும் பிடித்தது.

எனக்குப் பிடித்த கதை கரும்பு வண்டுடையது. பார்படோஸ் பக்கத்து வண்டு ஒன்று 1911இல் இங்கே தெரியவந்தது. அதன் புழு கரும்பின் வேரைத் தின்றது. அதற்கு இரண்டு வைத்தியம் நடந்தது. ஒன்று, அதே பார்படோஸிலிருந்து கொண்டுவந்த டிஃபியா என்ற குளவி. மண்ணுக்குள் புகுந்து அந்த வண்டின் புழுவைத் தேடி முட்டை வைக்கும். அது பலித்தது. இன்னொன்று, 1922இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தேரை. தேரை கண்டதையும் தின்னும். கரும்பு வண்டு அதன் கண்ணில் பட்டால்தானே? வண்டு குறையவில்லை, தேரை மட்டும் தீவு முழுக்கப் பெருகிவிட்டது. மழை இரவில் நம் வாசலில் கத்துவது அதன் வாரிசுதான்.

ஒரே இரையைத் தேடிப் போகும் குளவி வேறு, கண்டதைத் தின்னும் தேரை வேறு. எது எது என்று சோதித்து விடுவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை, நம் வேலை இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து பூச்சியோ, பூச்சி முட்டை ஒட்டிய அட்டையோ தபாலில் வரவழைக்காதீர்கள். ஊரிலிருந்து வரும் சித்தி பெட்டியில் கறிவேப்பிலைக் கொத்து கொண்டுவருவதும் இதே கணக்குத்தான். ஏன் என்று கறிவேப்பிலைப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எறும்பை நிறுத்துவது

அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி எது வந்தாலும் முதலில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்பு இவற்றை மாடு மாதிரி மேய்க்கும். பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். எறும்பை நிறுத்தாமல் எதைத் தெளித்தாலும் வீண். தண்டில் ஒரு சாண் அகலத்துக்குத் துணியோ தாளோ இறுக்கச் சுற்றி, அதன் மேல் வாசலின் களிம்பைத் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் பட்டை வெந்துபோகும். சுவரைத் தொடும் கிளை, பக்கத்துச் செடியோடு உரசும் கிளை எல்லாவற்றையும் வெட்டுங்கள். இல்லையென்றால் எறும்பு அந்தப் பாலத்தில் வரும். தூசி படிந்தால் புதிதாகத் தடவ வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை போதும்.

அப்புறம் தண்ணீர். குழாயில் விரலை வைத்து அழுத்தி இலையின் அடியில் பீய்ச்சினால் அசுவினி கீழே விழும். விழுந்ததில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. இரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவை, காலையில் செய்யுங்கள். மே முதல் அக்டோபர் வரை உள்ள வறண்ட குளிர்காலத்தில் செம்பேனுக்கும் இதே வைத்தியம், ஏனென்றால் ஈரம் அதற்கு ஆகாது. மாவுப்பூச்சி ஒன்றிரண்டு என்றால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடலாம்.

உரத்தையும் பாருங்கள். யூரியாவைத் தாராளமாக அள்ளிப் போட்ட செடியில் கொழுந்து இளசாக, சாறு நிறைந்து வரும். அசுவினிக்கு அது விருந்து. நிறைய உரம் போட்டவர் வீட்டில்தான் அசுவினியும் நிறைய என்பது என் அனுபவம்.

நான்காம் படி: தெளிப்பது என்றால் எதை, எப்போது

சோப்புக் கரைசல் முதலில். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி காதி சோப்புக் கரைசல். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதில் கொழுப்பை நீக்கும் சரக்கு அதிகம், இலையின் மெழுகையும் எடுத்துவிடும். சோப்பு, நனைந்த பூச்சியை மட்டும்தான் கொல்லும், காய்ந்தபின் அதற்கு வேலை இல்லை. அதனால் இலையின் அடியில் படாவிட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்றுதான்.

வேப்பெண்ணெய் அடுத்தது. ஒரு லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முதலில் 2 மில்லி சோப்பைக் கலந்து, பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி வர வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் சோப்பு போதவில்லை. அந்த எண்ணெய்தான் இலையைச் சுடும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும், ஆகவே சூரியன் இறங்கியபின் அடியுங்கள். முதல் தடவை ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். வேம்பு பூச்சியை உடனே கொல்லாது. பசியைக் கெடுக்கும், தோலுரிப்பதைக் குலைக்கும். மறுநாள் பூச்சி உயிரோடு இருப்பதைப் பார்த்து, 'இது வேலைக்காகாது' என்று திரும்ப அடிக்காதீர்கள். ஏழு நாள் கழித்துத்தான் அடுத்தது. பூக்கும் செடியில் பூவை விட்டு அடியுங்கள்.

புழுவுக்கு, முட்டைக்கோஸ், தக்காளி, கீரை எதுவானாலும், நான் நம்புவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழு நோயைத் தேடியபோது கண்டுபிடித்தது. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். குடலில் அதன் புரதம் ஓட்டை போடும். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் சாகும். தேனீக்கோ பொறிவண்டுக்கோ நமக்கோ அந்தப் புரதம் ஒன்றும் செய்யாது. ஆனால் புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். விரல் மொத்தம் வந்த புழுவைக் கையால் எடுப்பதுதான் வழி. இதுவும் சாயங்காலத் தெளிப்பு, அளவு பாக்கெட்டில் போட்டிருப்பதுபோல.

பூசணி வகையில் வெள்ளைப் பொடி தூவிய மாதிரி சாம்பல் நோய் வந்தால், ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலை வெயிலில் வாரம் ஒரு தடவை. இது மட்டும் வெயிலில் அடிக்க வேண்டியது. நோய் முற்றிய இலையில் பலிக்காது.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலை எல்லோரும் சொல்வார்கள். நானும் செய்திருக்கிறேன். கொஞ்சம் விரட்டும், மழை பெய்தால் போச்சு. அதைவிட என் கண்தான் அதிகம் எரிந்தது. புகையிலைக் கஷாயத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். இயற்கை என்ற பேரில் வந்தாலும் நிகோடின் தோல் வழியே ஏறும் விஷம். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு வைரஸ் நோயையும் அதுவே கொண்டுவரலாம். மண்ணெண்ணெயும் நாப்தலின் உருண்டையும் அதே வகைதான்.

பாகற்காய், பீர்க்கங்காய், மாம்பழம்: பழ ஈயோடு ஒரு நீண்ட சண்டை

இங்கே வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பெரிய எதிரி பழ ஈதான். மார்கோஸ் (பாகல்), பிபெங்கை (பீர்க்கை), கலபாஸ் (சுரை), வெள்ளரி எல்லாவற்றையும் பிடிப்பது பூசணி வகை ஈ. மாம்பழம், கொய்யா, பீச் பழங்களைப் பிடிப்பது வேறு ஈ. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதி முயற்சி வீணாகிறது.

துளசியில் மெத்தில் யூஜினால் என்ற வாசனை இருக்கிறது. மாம்பழ ஈக்களின் ஆண்களுக்கு அதில் பைத்தியம். துளசி இலை ஒரு கைப்பிடி கசக்கி, பக்கத்தில் நாலு ஓட்டை போட்ட பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு சோப்போடு போட்டு மாமரத்தில் தொங்கவிட்டால் மாலைக்குள் ஈ விழும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை புது இலை. இதையே பாகற்பந்தலில் கட்டினால் ஒன்றும் விழாது. பூசணி ஈக்கு அந்த வாசனை தெரியாது, அதை இழுப்பது கியூலூர் என்ற வேறு சரக்கு. நான் ஒரு பருவம் முழுக்கப் பந்தலில் துளசிப் பாட்டில் கட்டி, 'ஒரு ஈயும் இல்லை, பிரச்சினை தீர்ந்தது' என்று சந்தோஷப்பட்டேன். காயை வெட்டினால் புழு.

ஆண் ஈயைப் பிடிப்பதால் மட்டும் காய் தப்பாது என்பதும் சொல்ல வேண்டும். குத்துவது பெண். 1996இல் மாம்பழ ஈ வகையான கீழைப் பழ ஈ இந்தத் தீவுக்குள் வந்தபோது மெத்தில் யூஜினாலும் விஷமும் ஊறிய கட்டைகளைப் பரவலாக வைத்து, கூடவே ஈ தின்ன வரும் புரத இரையில் விஷம் கலந்து தெளித்து, 1999க்குள் ஒழித்தார்கள். பரப்பு முழுக்கச் செய்ததால் முடிந்தது. பின்னாளில் அந்த ஈ திரும்பவும் வந்தது. ஒரே கொல்லையில் ஒரு பாட்டில் கட்டினால் பக்கத்து வீட்டு ஈயும் நம் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?

உறை போடுவதுதான் முதல். பூ வாடி, பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்த உடனே, அதாவது பிடித்து இரண்டு மூன்று நாளுக்குள், இரண்டு மடிப்புச் செய்தித்தாளில் பை செய்து மாட்டி, காம்புப் பக்கம் ஸ்டேப்ளர் அடியுங்கள். பீர்க்கைக்குப் பை நீளமாக வேண்டும். மழைக்காலத்தில் தாள் கிழியும், பழைய கொசுவலைத் துணியில் தைத்த பை நாலு பருவம் வரும். வலை காயில் ஒட்டாமல் தளர்வாக இருக்கட்டும், ஒட்டினால் வலைக்கு வெளியே நின்றே குத்திவிடும். பாலித்தீன் பை வேண்டாம், உள்ளே வேர்த்துக் காய் அழுகும்.

இரண்டாவது, விழுந்த காய். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். குத்துப்பட்ட காயை எடுத்துக் குப்பைக்குழியில் எறிவது ஈக்குப் பிள்ளைத்தொட்டில் கட்டுவதுதான். புழு காயிலிருந்து இறங்கி மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். கோடையில் பத்து நாளில் ஈயாக வெளியே வரும். மேலோட்டமாகப் புதைத்தாலும் ஏறி வந்துவிடும், முழங்கைக்கு மேல் ஆழம் வேண்டும். சுலபமான வழி, தடித்த கறுப்புப் பையில் போட்டு இறுகக் கட்டி, வெயில் படும் சிமெண்டுத் தரையில் இரண்டு வாரம் வைப்பது. பிறகு உரக்குழியில் போடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொறுக்க வேண்டும். வாரம் ஒரு தடவை என்றால் புழு அதற்குள் மண்ணுக்குப் போய்விட்டிருக்கும்.

பக்கத்துத் தீவான ரீயூனியனில் இதற்கு ஓர் அழகான ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஹவாயில் தொடங்கியது அது. ஆளுயரக் கூடாரம், மேலே ஒரு வலைச் சன்னல். அழுகிய காயை உள்ளே கொட்டி மூடிவிடுவார்கள். வலைக்கண் வழியே ஈ வெளியே போக முடியாது, ஈயின் புழுவில் வளர்ந்த குட்டிக் குளவி போய்விடும். எதிரியை அடைத்து நண்பனை மட்டும் வெளியே விடும் பெட்டி. தெருவில் ஐந்தாறு வீடு சேர்ந்தால் ஒன்று கட்டலாம், ஆனால் வலைக்கண் அளவு சரியாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கறுப்புப் பையே மேல்.

ரீயூனியனில் கற்ற இன்னொன்று சோளம். பூசணி ஈ பந்தலிலேயே குடியிருப்பதில்லை. முட்டை வைக்க வந்துவிட்டு, மற்ற நேரம் ஓரத்தில் உயரமாக நிற்கும் சோளம், ஆமணக்கு இலையில் இளைப்பாறும். பந்தலுக்கு முன்பே ஓரத்தில் ஒரு வரிசை சோளம் விதையுங்கள். புரத இரையில் ஸ்பைனோசாட் கலந்த தெளிப்பு கிடைத்தால், அதைச் சோள இலையில் மட்டும் அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் விடலாம். காயில் ஒரு துளியும் பட வேண்டாம். ஸ்பைனோசாட் வந்த கதை நம் தீவுக்குப் பொருத்தம். 1980களின் தொடக்கத்தில் கரீபியனில் கைவிடப்பட்ட ஒரு ரம் ஆலையின் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் தருவது அது. ஈரமாக இருக்கும்போது தேனீயையும் கொல்லும். எனவே இருட்டும் நேரத்தில், பூ இல்லாத இலையில் மட்டும்.

கறிவேப்பிலை

என் குற்றம் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். இங்கே காரிபூலே என்று தமிழையே கிரியோலாக்கிச் சொல்லும் இந்தச் செடியில் கொழுந்து சுருண்டால் பெரும்பாலும் சில்லிட் பூச்சிதான். எள்ளளவு பழுப்புப் பூச்சி. தலையைக் கீழே அழுத்தி வாலைத் தூக்கி, சாய்வாக உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் மஞ்சளாக, வெள்ளை மெழுகு இழை விட்டுக்கொண்டு கொழுந்தில் நெருக்கியடித்திருக்கும்.

கறிவேப்பிலைக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் இதே பூச்சிதான் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்குப் பசுமையாதல் என்ற, மரத்தையே அழிக்கும் நோயைப் பரப்புவது. ரீயூனியனில் அந்த நோய் சிட்ரஸ் தோட்டங்களை நாசமாக்கியபோது, 1970களில் டாமரிக்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் இரண்டு இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆசிய சில்லிட்டுக்கு ஒன்று, ஆப்பிரிக்க சில்லிட்டுக்கு ஒன்று. ஆப்பிரிக்க சில்லிட் அந்தத் தீவிலிருந்தே மறைந்துபோனது. இந்தத் துறையில் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. சித்தியின் பெட்டியில் வரும் கொத்து ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணமும் இதுவே: இலையோடு முட்டை வரும், முட்டையோடு நோயும் வரலாம். அனுமதி இல்லாமல் செடி கொடி கொண்டுவருவது சட்டப்படியும் தப்பு.

செய்ய வேண்டியது இவ்வளவு. காவடி சமயத்தில், ஏழு கறிச் சாப்பாட்டுக்கு ஊரே கறிவேப்பிலை தேடும் ஜனவரி, பிப்ரவரியில், மழைக்குப் பிறகு கொழுந்து வெடித்து வரும். சில்லிட்டும் அப்போதுதான் பெருகும். சுருண்ட நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளி ஒரு பையில் போடுங்கள். போடும் முன் லென்ஸில் பாருங்கள். குஞ்சுகள் பழுப்பாகக் காய்ந்து, தலைப்பக்கம் வட்டமாக ஒரு துளை இருந்தால் குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த நுனிகளைக் கிள்ளாமல் விடுங்கள். நான் அடித்த மருந்து கொன்றது இந்தக் குளவியையும்தான். மீதி இருந்தால் சோப்புக் கரைசல், வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் பக்கத்துப் பக்கத்தில் நட வேண்டாம். இலை தின்னும் கோடு போட்ட பச்சைப் புழுவைப் பார்த்தால், அது வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. செடி பெரியதென்றால் நான் விட்டுவிடுவேன்.

நத்தை

கூர்பா என்று இங்கே சொல்லும் பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கு மருந்து தேவையில்லை, டார்ச் போதும். ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரல் புழுவை இது சுமக்கும், மனிதருக்குள் போனால் மூளையைப் பாதிக்கும். கையுறையோ, கையில் மாட்டிய பிளாஸ்டிக் பையோ வேண்டும், பிள்ளைகளை அனுப்பக் கூடாது. மாலையில் ஈரச் சாக்கின் கீழ் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலை வைத்தால் இரவில் கூடிவிடும். காலையில் எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அந்தத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டக் கூடாது. சாம்பல் வளையம் ஒரு மழை வரைக்கும்தான். கீரையை எப்போதும் ஒவ்வொரு இலையாகக் கழுவிச் சமையுங்கள்.

இந்த நத்தையைத் தின்ன வேறொரு நத்தையையும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அது பெரிய நத்தையை விட்டுவிட்டு, இந்தத் தீவுக்கே உரிய சின்ன நத்தைகளைத் தின்றது. சாக்கும் டார்ச்சும் அந்த மாதிரி எதையும் செய்யாது.

புயலுக்குப் பிறகு

டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் அடித்து ஓய்ந்ததும், பூச்சியைத் தேடாமல் முதலில் ஒடிந்ததை வெட்டி, விழுந்த காயைப் பொறுக்குங்கள். அடுத்த ஒரு வாரம் எந்த எண்ணெயும் தெளிக்க வேண்டாம், கிழிந்த இலை தாங்காது. பொறிவண்டு குறைந்திருக்கும், அசுவினி அவற்றுக்கு முன்னால் பெருகும், தண்ணீர் பீய்ச்சிச் சமாளியுங்கள். எறும்புக்காகத் தண்டில் சுற்றி வாசலின் தடவிய துணி மழையில் நனைந்து தளர்ந்திருக்கும், அதைக் கழற்றிப் புதிதாகச் சுற்றுங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எந்த வாரம் எது வந்தது என்று மூன்று வருட நோட்டு கையில் இருந்தால், நாலாவது வருடம் கொசுவலைப் பையை எப்போது தைக்க உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். என் நோட்டின்படி பாகலுக்கு அது அக்டோபர் கடைசி வாரம்.